தேநீரோடு கிடைத்த சம்மதங்கள்

நவம்பர், முதல் வாரம், வெள்ளி. என் மனைவி கார்ல்ஸ்ரூஹே வைத்தியசாலையில் காலமானார்.

நவம்பர், இரண்டாம் வாரம், வியாழன். உடல் தகனம் செய்யப்பட்டது.

நவம்பர், மூன்றாம் வாரம், திங்கள். பணிக்குத் திரும்பினேன்.

டிசம்பர், முதல் வாரம், வியாழன். பேர்லின், நொய்கெல்ன். வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவில் நோயாளர் தம்மைத் தாமே பதிந்துகொள்ளும் திரையின் அரபு வடிவம், பேக்கரி ஒன்றில் வாசிப்புச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. பங்கேற்ற அனைவரும் ஏற்றுக்கொண்டனர். எங்கள் நிறுவனர் ஒப்புதல் பத்திரத்தில் கையொப்பமிட்டார்.

அதே வாரம், ஞாயிறு. மனைவியின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. மண்டபத்தில் மதிய உணவு.

அடுத்த நாள், திங்கள். சோதனையின் காணொளிப் பதிவுகள் மீண்டும் பார்க்கப்பட்டன. கோளாறு ஒன்று கண்டறியப்பட்டது.

செவ்வாய். நொய்கெல்னில் மறுசோதனை.

புதன். நிறுவனர் தமது ஒப்புதலை மீளப் பெற்றார்.

அதற்கடுத்த திங்கள். திரைகள் இயங்கத் தொடங்குவதாக இருந்த நாள். இயங்கவில்லை.

நடந்தவை இவ்வளவே. ஓய்வுபெற்றவர்களிடம் பேச்சைக் கொடுத்தால் அவர்கள் வென்ற கதைகளை மட்டுமே சொல்வார்கள் என்று உங்களில் ஒருவர் கூட்டமொன்றில் சொன்னார். நியாயமான குறை. ஆகவே, கார்ல்ஸ்ரூஹேயில் மென்பொருள் தொழிலுக்குள் புதிதாக வந்திருக்கும் தமிழ் இளையவர்களாகிய உங்களுக்கு, நாங்கள் ஒரு திங்கட்கிழமையை இழந்ததைப் பற்றி எழுதுகிறேன். நிரல் எழுதுவது பற்றி இதில் எதுவும் இல்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள்.

எங்கள் நிறுவனர் சிரியாவின் அலெப்போவில் பிறந்த பெண்மணி, என்னைவிட இளையவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தொழிலின் தொடக்கத்தில் அவர் பேர்லினின் அரபுக் கடைகளுக்குக் காசாளர் இயந்திரங்கள் விற்றார். அரபு எழுத்துகள் சொல்லுக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, வலமிருந்து இடமாகச் செல்ல வேண்டியவை. அந்த இயந்திரங்கள் அச்சிட்ட விலைச்சீட்டிலோ அவை தனித்தனியாகப் பிய்ந்து, எதிர்த்திசையில் நின்றன. கடைக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் பொருட்களின் பெயர்களை ஜெர்மன் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்.

“எழுத்து உடைந்ததில் எனக்குக் கோபம் வரவில்லை, டொக்டர். ஒருவர்கூட முறைப்பாடு செய்யவில்லை. அதில்தான் கோபம் வந்தது,” என்று பின்னாளில் சொன்னார்; என் ஆய்வுப் பட்டத்தை வைத்து என்னை அப்படித்தான் அழைப்பார். அந்தக் கோபத்தை மூலதனமாக வைத்து அவர் தொடங்கியதுதான் எங்கள் நிறுவனம்.

அவர் என்னைத் தேடி வந்தபோது நான் வேறொரு நிறுவனத்தில் திரை எழுத்துகள் தொடர்பாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் தமிழ் எழுத்துருக்களோடும் மல்லுக்கட்டியிருந்தேன். “எனக்கு அரபு தெரியாது,” என்றேன்.

“அதனால்தான் வந்தேன். தெரிந்தவர்களுடைய கண் உடைந்த சொல்லைத் தானாகவே ஒட்டிவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். உங்களுடைய கண் பொய் சொல்லாது.”

மறுப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ‘கெ’ என்று எழுதும்போது நாம் கண்ணால் முதலில் காண்பது கொம்பை. வாயால் முதலில் சொல்வதோ ககரத்தை. பார்வைக்கு ஒரு வரிசை, கணினியின் நினைவுக்கு வேறொரு வரிசை என்பது தமிழனுக்குப் புதிதல்ல. அரபின் சிக்கல் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

சேர்ந்த சில மாதங்களில் ஓர் அலுவலகம் எங்களை அழைத்தது. அகதிகளுக்கான அன்ட்ராக் எனும் விண்ணப்பப் படிவத்தை அரபில் திரையில் காட்ட வேண்டும். மிக விரைவாகக் காட்ட வேண்டும். அங்கிருந்த அதிகாரி, அரபு வரிகளைப் படமாக எடுத்து ஒட்டிவிடும்படி சொன்னார். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்பது அவருடைய வாதம். எங்களுக்கு அந்த வேலை மிகவும் தேவைப்பட்டது. நிறுவனர் எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது சொன்னார்: “படமாக வந்தால் அது சுவரொட்டி. அதற்குள் ஒரு பெயரைத் தேட முடியாது, ஒரு பிழையைத் திருத்த முடியாது, பார்வையற்றவருக்குக் கணினி அதை வாசித்துக் காட்டாது. என் மொழி இந்த இயந்திரத்துக்குள் விருந்தாளியாக வந்து கதிரையின் நுனியில் அமர்ந்திருப்பதற்கு நான் உழைக்கவில்லை. வீட்டுக்காரியாக இருக்க வேண்டும்.”

விருந்தாளி, வீட்டுக்காரி என்ற அந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்திருங்கள். அன்று அவற்றின் முழுப் பொருளும் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வைத்தியசாலைத் திரைக்கு வருகிறேன். வைத்தியசாலைகளின் குழுமம் ஒன்று அவசரப் பிரிவில் பதிவுத் திரைகளை அமைக்க முடிவு செய்தது. நோயாளர் தம் பெயரையும் நோவையும் ஒவ்வாமையையும் தாமே பதிவார். அதைப் பார்த்து, யாரை முதலில் உள்ளே அழைப்பது என்று தாதியர் முடிவு செய்வார்கள். ஜெர்மன் வடிவத்தை வேறொரு நிறுவனம் செய்தது. அரபு வடிவம் எங்களுடையது. குழுமத்தின் நிர்வாகி முதல் கூட்டத்திலேயே ஒளிக்காமல் சொன்னார்: “அரபு பிந்தினால் அரபு இல்லாமல் தொடங்குவோம். படம் அச்சிட்ட அட்டைகள் எங்களிடம் இருக்கின்றன.” அட்டைகள் உள்ளே வந்துவிட்டால் அரபு மீண்டும் திரைக்கு வராது என்பது நிறுவனருக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் திரையையும் ஒப்படைப்பதற்கு முன்னர் நொய்கெல்னில் உள்ள ஒரு பேக்கரிக்குக் கொண்டுபோவோம். நிறுவனர் அங்கு வருகின்றவர்களை அழைத்து மேசையில் அமர்த்துவார். புதினாத் தேநீரும் பிஸ்தா வைத்த இனிப்பும் வரும். அவர்கள் திரையைத் தொட்டுப் பதிவார்கள். கைகள் மட்டும் தெரியும்படி அவர்களுடைய அனுமதியோடு காணொளி எடுப்போம். முடிவில் அபிப்பிராயம் கேட்போம். இந்த முறையைப் பற்றி எங்களுக்குப் பெருமையும் இருந்தது. மற்ற நிறுவனங்கள் கண்ணாடி அறைக்குள் சோதிக்கின்றன, நாங்கள் மக்களிடம் போகிறோம் என்று விளம்பரத்தில்கூட எழுதினோம்.

டிசம்பர் வியாழனன்று நானும் போனேன். எங்களோடு கார்த்திகாவும் வந்தார். மதுரையிலிருந்து இங்கு படிக்க வந்து, எங்களிடம் சேர்ந்த பொறியியலாளர். அந்தத் திரையின் பெரும்பகுதி அவருடைய கைவண்ணம்.

நோவைக் கேட்கும் திரையில் ஒரு நீண்ட பட்டை இருந்தது. ஒரு முனை வெளிர் மஞ்சள், மறுமுனை கடும் சிவப்பு. நோயாளர் தமது நோவுக்கு ஏற்ற இடத்தைத் தொட்டால், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் அடுத்த திரையில் தோன்றும். முதலில் அமர்ந்தவர் தடித்த மீசை வைத்த ஒரு டாக்சிச் சாரதி. முழு ஆரோக்கியமானவர். தொட்டார். பத்து என்று வந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். நிறுவனர் சிரித்தபடி எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

“பத்துத்தான், சரியாகத்தான் சொல்கிறது. நான் இந்த ஊரில் வீடு தேடிக்கொண்டிருக்கிறேன்!”

பேக்கரி முழுவதும் சிரித்தது. அடுத்து அமர்ந்தவருக்கு ஒன்பது வந்தது. “பார், உனக்குத்தான் முதலிடம். என் மாமியார் இன்னும் டமாஸ்கஸில் இருக்கிறார், அதனால் எனக்கு ஒன்று குறைவு,” என்றார் சாரதியைப் பார்த்து. மூன்றாமவர் வாய்விட்டுச் சிரித்ததில் தேநீரைச் சிந்தினார். எல்லோரும் போகும்போது நிறுவனரின் கைகளைப் பிடித்து, மிக அழகாக இருக்கிறது, எங்கள் மொழியை ஜெர்மன் வைத்தியசாலையில் பார்ப்பது பெருமை, உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று வாழ்த்தினார்கள். நான் ‘ஏற்பு’ என்று எழுதினேன். நிறுவனர் கையொப்பமிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. கிரியைகள் காலையில் முடிந்தன. சமையல் முழுவதையும் என் மச்சாள், மனைவியின் தங்கை, தானே செய்வேன் என்று பிடிவாதமாக நின்றார். அக்காவுக்குச் செய்யும் கடைசி வேலை என்பதால் யாரும் தடுக்கவில்லை. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், பாயாசம். ஸ்டுட்கார்ட்டிலிருந்தும் பாரிசிலிருந்தும் உறவினர் வந்திருந்தார்கள். எங்கள் நிறுவனரும் கறுப்பு உடையில் வந்து, பந்தியில் அமர்ந்து, கையால் சாப்பிட்டார்.

மச்சாள் என்னிடம் வந்து, “அத்தான், சாப்பிட்டியளோ?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

பின்னர் அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் ஒரு வாய் வைத்தேன். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடப்பட்டிருந்தது. பந்தியைப் பார்த்தேன். எவர் முகத்திலும் மாற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் “இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. நிறுவனர் எழும்பும்போது மச்சாளின் கையைப் பிடித்து, மிகவும் நன்றாக இருந்தது என்று ஜெர்மனில் சொன்னார்.

மச்சாளின் கணவர், என் சகலன், கை கழுவும் இடத்தில் நின்றார். “உப்புக் கூடத்தானே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“கூடவோ? கடல் அண்ணை, கடல். ஆனா அவவிட்டை அதைச் சொல்லிப்போட்டு நான் எங்கை போய்ப் படுக்கிறது?”

அப்போது மச்சாள் வெறும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழுது வீங்கிய முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு நிறைவு தெரிந்தது. “பாருங்கோ அத்தான், சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை. சனத்துக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. அக்கா இருந்திருந்தாச் சந்தோசப்பட்டிருப்பா.”

“ஓம்,” என்றேன்.

சோறு முடிந்ததை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சோறு முடிந்ததுதான் முறைப்பாடு. வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, கை வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. வீடு திரும்பும் வழியில் டாக்சிச் சாரதியின் பத்து எனக்கு நினைவு வந்தது.

திங்கள் காலை காணொளிகளைச் சத்தம் இல்லாமல் பார்த்தேன். சத்தத்தோடு பார்த்தால் சிரிப்புக் கேட்கும். சிரிப்பு கண்ணை மறைக்கும். சாரதியின் விரல் பட்டையின் வெளிர் மஞ்சள் முனையைத் தொடுகிறது. நோவில்லாத மனிதர் நோவில்லாத முனையைத் தொட்டிருக்கிறார். இயந்திரம் பத்து என்று பதிந்திருக்கிறது. அவர் அதைக் கண்டார். எங்கள் மேசையில், எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தவர், அதை எங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பகிடியாக்கி எங்களைக் காப்பாற்றினார். அடுத்தவரும் அப்படியே.

காரணம் எளிது. அரபுக்காக நாங்கள் திரை முழுவதையும் வலமிருந்து இடமாகத் திருப்பியிருந்தோம். எண்களின் கணக்கும் திரும்பியது. வண்ணப் பட்டை மட்டும் வைத்தியசாலை தந்த ஆயத்தப் படம். படம் திரும்பவில்லை. சிவப்பு முனை பூச்சியமாகவும் மஞ்சள் முனை பத்தாகவும் நின்றன. எழுத்துகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று எல்லோரும் பார்த்தோம். பட்டையை எவரும் பார்க்கவில்லை.

கார்த்திகாவை அழைத்துக் காட்டினேன். அவருடைய முகம் வெளுத்தது, உடனே தெளிந்தது.

“சார், இது ஒரு லைன் சேஞ்ச்தான். லஞ்சுக்குள்ள முடிச்சிடுவேன். மண்டே லைவ் போறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. கிளையண்டுக்குச் சொல்லக்கூட வேணாம் சார்.”

“திருத்தாதையுங்கோ. முதல்ல அவவிட்டைக் காட்டுவம்,” என்றேன்.

நிறுவனர் தம் அறையில் இருந்தார். எப்படித் தொடங்குவது என்று நான் வழியெல்லாம் யோசித்திருந்தேன். “நேற்றுக் குழம்பு எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“மிகவும் நன்றாக இருந்தது.”

“உண்மையைச் சொல்லுங்கள்.”

அவர் என்னைப் பார்த்தார். துக்க வீட்டுக்காரன் இப்படிக் கேட்பது முறையல்ல என்று நினைத்திருப்பார். பிறகு சொன்னார்: “வீட்டுக்குப் போகும்வரை தண்ணீர் குடித்தேன்.”

“வியாழனன்று சாரதியும் தண்ணீர்தான் குடித்தார்,” என்று சொல்லி, காணொளியைச் சத்தமின்றி ஓடவிட்டேன்.

அவர் அதை ஒரு தடவைதான் பார்த்தார். கார்த்திகா ஒரு வரித் திருத்தத்தைப் பற்றி மீண்டும் சொன்னார். நிறுவனர் அவரைக் கோபிக்கவில்லை. “பட்டையை நீ ஒரு மணி நேரத்தில் திருத்திவிடுவாய், எனக்குத் தெரியும். கோளாறு பட்டையில் இல்லை. என் தேநீரில் இருக்கிறது. அந்த மேசையில் கிடைத்த ஒரு சம்மதம் பொய் என்றால், ஒவ்வாமைக் கேள்விக்கும் மருந்துக் கேள்விக்கும் கிடைத்த சம்மதங்களை நான் எதை வைத்து நம்புவது?”

பிறகு ஒரு கட்டளையிட்டார். அந்தக் கட்டளைக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். “திருத்தாதே. பிழையோடு நாளைக்கு நொய்கெல்னுக்குக் கொண்டுபோவோம். வேறு விதமாகச் சோதிப்போம். நமக்குத் தெரிந்த இந்தப் பிழையைப் புதிய சோதனை பிடிக்காவிட்டால், தெரியாத பிழைகளை அது ஒருநாளும் பிடிக்காது.”

வேறு விதம் என்ன என்பதுதான் கேள்வி. தமக்காகத் தொடும்போது மனிதர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள், சபைக்கு மரியாதை பார்க்கிறார்கள். பிறருக்காகச் செய்யும்போது அப்படி விடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். எவருக்காக என்று கார்த்திகா கேட்டார். அரபு தெரியாத, வயதான, பார்த்தால் நோயாளி என்று நம்பக்கூடிய ஒருவர் வேண்டும். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

செவ்வாயன்று அதே பேக்கரி. தேநீர் இல்லை, இனிப்பு இல்லை. கடைக்காரர் மனம் நொந்துபோனார். “விருந்தாளிகளை வெறும் மேசையில் வைக்கிறீர்களே, என் கடைக்கு வெட்கம்,” என்று நிறுவனரோடு வாதாடினார். நிறுவனர் இணங்கவில்லை. பாண் வாங்க வரிசையில் நின்றவர்களிடம் ஓர் உதவிதான் கேட்டார்: இது ஒரு பயிற்சி, இவருக்கு இந்த மொழி தெரியாது, அவசரப் பிரிவுக்கு வந்தவராக எண்ணி, இவருக்காக இதில் பதிந்து கொடுங்கள். திரையை யார் செய்தார்கள் என்பதைச் சொல்லவில்லை.

சாம்பல் நிற முக்காடு அணிந்த ஓர் அம்மா அமர்ந்தார். பைகளை நிலத்தில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயரைப் பதிந்தார். நோவுத் திரை வந்ததும், எவ்வளவு என்று நிறுவனர் மூலம் கேட்டார். எட்டு என்று சொல்வதாக நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். எட்டு என்றேன். அவர் அதோடு நிற்கவில்லை.

“எங்கே?”

அதை எவரும் எதிர்பார்க்கவில்லை. திரையில் அந்தக் கேள்வி இல்லை. “முதுகு,” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, சிவப்பு முனைக்குச் சற்று முன்னால், மிகக் கவனமாக, விரலை வைத்தார். அடுத்த திரையில் எண் வந்தது. இரண்டு.

சாரதி சிரித்த இடத்தில் இந்த அம்மா சிரிக்கவில்லை. மீண்டும் தொட்டார். மீண்டும் இரண்டு. திரையின் ஓரத்தில் கையால் தட்டினார். நிறுவனரைப் பார்த்து உரத்த குரலில் ஏதோ சொன்னார். கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரத்த குரல். வரிசையில் நின்றவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். யார் செய்த வேலை இது, இவரைக் கொல்லப் பார்க்கிறார்களா என்று ஒருவர் கேட்டாராம். எங்கள் தொழிலில் அவ்வளவு நல்ல வசையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. நிறுவனரின் கண்கள் ஒளிர்ந்தன. அவருடைய மொழி இயந்திரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி சண்டை பிடிக்க மாட்டார்.

மாலைக்குள் வேறு இரண்டு கேள்விகளிலும் பிழைகள் சிக்கின. வியாழனன்று எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போன கேள்விகள் அவை.

திரும்பி வரும் ரயிலில் அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். நிறுவனர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “‘இந்த மனிதருக்கு இரண்டு அல்ல. முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா?’ என்றார்.”

“எட்டு என்பது நாம் சோதனைக்காகப் பேசி வைத்த எண்,” என்றேன்.

“தெரியும்,” என்றார்.

ஒரு நிலையம் கடந்தது. வைத்தியசாலையில் தாதியர் காலையும் மாலையும் என் மனைவியிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். மனைவி என்னைப் பார்த்து, “ரெண்டெண்டு சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையளுக்கு எத்தினை வேலை,” என்பார். நான் ஜெர்மனில் இரண்டு என்று சொல்லுவேன். அவர்கள் இரண்டு என்று பதிந்துகொண்டு போவார்கள்.

நிறுவனர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றியுடையவன். கார்ல்ஸ்ரூஹேக்குச் சற்று முன்னர், “ஒப்புதலை நாளைக்கு மீளப் பெறுகிறேன். முழுவதையும்,” என்றார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் நிர்வாகியும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள். நிறுவனர் பட்டையைப் பற்றியும் தேநீரைப் பற்றியும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பட்டையைக் கார்த்திகா அதற்குள் திருத்தியிருந்தார். அதையும் சொல்லி, அது போதாது, எல்லாக் கேள்விகளையும் புதிதாகச் சோதிக்க வேண்டும் என்றார்.

நிர்வாகி எதிர்பார்த்தபடியே பேசினார். “அரபு சிக்கலானது என்று நான் முன்பே சொன்னேன். திங்கட்கிழமை ஜெர்மனோடு தொடங்குகிறோம். அரபு பேசுபவர்களுக்கு அட்டைகள்.”

இளையவர்களே, இப்படியான இடத்தில் உங்களுடைய கை தானாகவே ஒரு சமரசத்தைத் தேடும். பட்டையாவது திருந்திவிட்டதே, அதை வைத்துத் தொடங்கலாம் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நிறுவனர் வேறொன்றைக் கேட்டார்.

“ஜெர்மன் திரையைச் சோதித்தவர்கள் யார்?”

“எங்கள் ஊழியர்கள்.”

“அதைச் செய்தவர்களின் மேசையில் அமர்ந்தா?”

அந்த மருத்துவர், ஒரு பெண்மணி, தமது பேனாவை மூடினார். “என் காத்திருப்பு அறையில் வைத்துப் பாருங்கள். அங்கே எவரும் உங்களுக்கு உபசாரம் பேசமாட்டார்கள்,” என்றார்.

அடுத்த நாளே ஜெர்மன் திரையை அங்கே வைத்தார்கள். எவரும் உபசாரம் பேசவில்லைத்தான். கைத்தடியோடு வந்திருந்த ஒரு முதியவர், தம் மனைவிக்காகப் பதியத் தொடங்கி, நான்காவது கேள்வியிலேயே திரையைப் பார்த்து, “இதைச் செய்தவன் ஒருநாளும் நோயாளியாக இருந்ததில்லை!” என்று கூடத்தின் கடைசிவரை கேட்கக் கத்தினார். திங்கட்கிழமை அரபு தொடங்கவில்லை. ஜெர்மனும் தொடங்கவில்லை.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். குழுமத்தின் எல்லா வைத்தியசாலைகளுக்கும் என்று பேசப்பட்ட வேலை, பெப்ரவரியில் ஒரேயொரு வைத்தியசாலையோடு சுருங்கியது. கார்த்திகாவால் விடுமுறையில் மதுரைக்குப் போக முடியவில்லை. கடைக்காரருக்கு இன்னும் எங்கள்மீது வருத்தம். நிறுவனர் ஒரு நிபந்தனையை மட்டும் கடைசிவரை விடவில்லை: இரண்டு மொழிகளும் ஒரே காலையில், ஒரே திரையில் தொடங்க வேண்டும். அப்படியே தொடங்கின. அன்று முதலாவதாக வந்த அரபு முறைப்பாட்டை அவர் அச்சிட்டுத் தம் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறார்.

ஒரு மொழியைக் கணினிக்குள் கொண்டுவருவது எழுத்துகளை ஒட்டுவதோடு முடிவதில்லை. அதைப் பேசுபவர் அந்தத் திரையோடு கோபிக்கத் துணியும் நாளில்தான் அது உள்ளே வந்து சேர்கிறது. பாராட்டை எழுதி வையுங்கள். அதை நம்பி எதையும் ஒப்படைக்காதீர்கள். விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். யார் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

வசந்தத்தில் ஓய்வுபெற்றேன். செய்யாமல் விட்டவை:

நோவுத் திரைக்கு இரண்டாவது கேள்வி: இரவு நித்திரை கொண்டீர்களா? மருத்துவர் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. கார்த்திகா தொடர்கிறார்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அரபில் குரல். தொடங்கப்படவில்லை.

அதே திரையின் தமிழ் வடிவம். எழுத்துகள் ஆயத்தமாக இருக்கின்றன. நம்மவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் சோதிப்பதற்கு ஆள் தேவை. உங்களில் ஒருவர் முன்வர வேண்டும்.

குழம்பின் உப்பைப் பற்றி மச்சாளிடம் சொல்வது. நவம்பரில் ஆட்டைத் திவசம், முதலாம் ஆண்டு நினைவு. அதற்கும் தானே சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மச்சாள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் தொலைபேசியில், “அத்தான், சாப்பிட்டியளோ?” என்று கேட்கிறார். என் பதில் இன்னும் திருத்தப்படவில்லை.